ஒரே சுற்றில் எத்தனை ஆர்டர்? உதிரிபாகக் கிடங்கில் எடுப்பு முறைகளை ஒப்பிட்டால்

ஆர்டருக்கு உரிய சரக்கை ரேக்கிலிருந்து எடுத்துவரும் ஆளின் வேலை நேரத்தில் ஏறக்குறையப் பாதி நடையிலேயே போகிறது என்பது கிடங்கு மேலாண்மையில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மீதியில் தேடுவது, சரிபார்ப்பது, காகிதம் பார்ப்பது எல்லாம் போக, கை சரக்கில் படும் நேரம் கொஞ்சம்தான். அதனால் கிடங்கைச் சீர்செய்யக் கிளம்பும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: பல ஆர்டர்களைச் சேர்த்து ஒரே நடையில் எடுத்துவிடலாமே.

யோசனை சரி. எத்தனை ஆர்டர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டொயோட்டாவின் தைச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு வீண்களில் வேண்டாத நடமாட்டமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. ஒரே நடையில் சேர்த்து எடுக்கும் ஆர்டர்களின் கொத்தைப் பெரிதாக்கினால் நடை குறையும், ஆனால் கொத்தில் முதலாவதாகச் சேர்ந்த ஆர்டர் கடைசி ஆர்டருக்காகக் காத்துக் கிடக்கும். ஒரு வீண் வேலையைக் குறைத்து இன்னொன்றை வளர்ப்பது, வீண்களை ஒழிக்கச் சொல்லும் லீன் முறை ஆகாது. எனவே ஒவ்வொரு முறையையும் இரண்டு பக்கமும் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பொதுவாகப் பேசினால் எல்லா முறையும் நல்லதாகவே தெரியும். ஒரு மாதிரிக் கிடங்கை வைத்துக் கணக்குப் போடுவோம். சென்னைக்கு வெளியே, செங்குன்றம் பக்கத்தில் இருப்பதுபோல ஓர் இருசக்கர வாகன உதிரிபாக மொத்த வியாபாரியின் குடோன். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை இட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

மாதிரிக் கிடங்கின் அளவுகள்

ரேக் வரிசைகளுக்கு நடுவே 10 சந்துகள். ஒவ்வொரு சந்தும் 20 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம். ரேக்கின் ஆழம் 60 செ.மீ., முதுகோடு முதுகாக இரண்டு. ஆக ஒரு சந்துக்கும் அடுத்த சந்துக்கும் நடுப்புள்ளி தூரம் 2.5 மீட்டர். முன்னும் பின்னும் 1.5 மீட்டர் குறுக்குப் பாதை. மொத்தம் 25-க்கு 23 மீட்டர், சுமார் 6,200 சதுர அடி. பேக்கிங் மேசை முன்பக்கம் நடுவில்.

6,000 பார்ட் நம்பர்கள். நாளுக்கு 240 ஆர்டர், சராசரி 5 லைன் (ஓர் ஆர்டரில் ஒரு பார்ட் நம்பருக்கு ஒரு வரி), அதாவது மொத்தம் 1,200 லைன். வேலை நேரம் தேநீர், சாப்பாடு போக 7 மணி. 25,200 நொடியை 240 ஆர்டரால் வகுத்தால் 105 நொடி. ஒவ்வொரு 105 நொடிக்கும் ஓர் ஆர்டர் பேக்கிங் மேசைக்கு வந்து சேர வேண்டும். லீன் மொழியில் இதுதான் டாக்ட் நேரம். கீழே வரும் எல்லா முடிவும் இந்த எண்ணில்தான் தொங்குகிறது.

வண்டி தள்ளிக்கொண்டு நடக்கும் வேகம் நிமிடத்துக்கு 45 மீட்டர். ஒரு லைனைக் கண்டுபிடித்து, எடுத்து, ஸ்கேன் செய்ய 20 நொடி.

ஓர் ஆள், ஓர் ஆர்டர்

மிக எளிய முறை. காகிதத்தை எடு, போ, எடுத்து வா, பேக்கிங் மேசையில் வை. ஆர்டர் கலந்துபோக வழியே இல்லை. புது ஆளுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லித் தரலாம். தவறு நடந்தால் யார் செய்தது என்பதும் உடனே தெரியும்.

சரக்கு எங்கும் சமமாகப் பரவியிருந்தால், 5 லைனுக்குச் சராசரியாக 4.1 சந்துகளில் நுழைய வேண்டியிருக்கும். முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறி, அடுத்த சந்தில் பின்னாலிருந்து முன்னால் வருவது என்ற வளைநடைப்படி போனால் சுற்றுக்கு ஏறக்குறைய 130 மீட்டர், 173 நொடி. எடுப்பதற்கு 100 நொடி. பெட்டி எடுப்பது, காகிதம் பார்ப்பது, இறக்குவது என்று 60 நொடி. மொத்தம் 333. இதை 105-ஆல் வகுத்தால் 3.2 ஆள். அதாவது நான்கு பேர் வேண்டும்.

வண்டியில் பல பெட்டி

ஒரு வண்டியில் ஆர்டருக்கு ஒரு கிரேட் பெட்டி வைத்து, எடுக்கும்போதே உரிய கிரேட்டில் போட்டுவிடுவது. பிறகு பிரிக்கும் வேலை இல்லை. சரியான கிரேட்டைப் பார்த்துப் போட லைனுக்கு 4 நொடி கூடுதலாகும். தொடக்க, முடிவு வேலை ஆர்டருக்கு 60-இலிருந்து 40 நொடியாக இறங்கும். நம் 5 லைன் ஆர்டரில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகிறது. ஆக மாறுவது நடை மட்டுமே.

| சுற்றுக்கு ஆர்டர் | சுற்று நடை, மீட்டர் | ஆர்டருக்கு நடை, நொடி | ஆர்டருக்கு மொத்தம், நொடி | தேவையான ஆள் | சுற்று நேரம், நிமிடம் |
|---|---|---|---|---|---|
| 1 | 130 | 173 | 333 | 3.2 | 6 |
| 4 | 234 | 78 | 238 | 2.3 | 16 |
| 6 | 251 | 56 | 216 | 2.1 | 22 |
| 8 | 257 | 43 | 203 | 1.9 | 27 |
| 12 | 260 | 29 | 189 | 1.8 | 38 |

அட்டவணையின் மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். ஒன்றிலிருந்து நான்குக்குப் போனால் ஆர்டருக்கு 95 நொடி மிச்சம். நான்கிலிருந்து எட்டுக்கு 35. எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வெறும் 14. காரணம் எளிது. 20 லைன் சேர்ந்ததுமே பத்தில் ஒன்பது சந்துகளை வண்டி தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை ஆர்டர் ஏற்றினாலும் சுற்றின் நீளம் பெரிதாக ஏறாது; ஏற்கெனவே சின்னதாகிவிட்ட நடைச் செலவை இன்னும் சில ஆர்டர்கள் பங்குபோட்டுக்கொள்வது மட்டுமே நடக்கும்.

அடுத்து ஆள் கணக்கு. எட்டு ஆர்டர் வண்டி 1.9 ஆள் என்கிறது. இரண்டு பேர் போதும் என்று ஒரு முதலாளி முடிவெடுக்கலாம். ஆனால் அது 14 மணி ஆள்நேரத்தில் 13.5 மணி வேலை. ஒருவர் லீவு போட்டால், ஒரு ஸ்கேனர் பேட்டரி தீர்ந்தால், ஒரு மணி நேரத்தில் 40 ஆர்டர் குவிந்தால் அன்றைய கணக்கு அத்தோடு முடிந்தது. எடுப்பு வேலையில் சாதாரண நாளுக்கு 85 சதவீதத்துக்கு மேல் திட்டமிடக் கூடாது. ஆக எட்டானாலும் மூன்று பேர்தான், நான்கானாலும் மூன்று பேர்தான். மூன்று பேரை எப்படியும் வைக்கப்போகிறோம் என்றால், எட்டு ஆர்டர் வண்டி மிச்சப்படுத்தும் 35 நொடி யாருக்குப் போகிறது? யாருக்கும் இல்லை. அது சும்மா நிற்கும் நேரமாகிறது. நான்கு ஆர்டர் வண்டியில் மூன்று பேரும் 76 சதவீதம் வேலையில் இருப்பார்கள். ஆர்டரும் சீக்கிரம் வெளியேறும்.

எவ்வளவு சீக்கிரம்? கொத்து சேர ஆகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். 105 நொடிக்கு ஓர் ஆர்டர் வந்தால், முதல் ஆர்டரை வைத்துக்கொண்டு இன்னும் மூன்றுக்குக் காத்திருக்க 5 நிமிடம், எட்டு முடிய 12 நிமிடம், பன்னிரண்டு முடிய 19 நிமிடம். சுற்று நேரத்தோடு சேர்த்தால் முறையே 21, 39, 57 நிமிடம். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைக்காரர் மெக்கானிக்கைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஆர்டர் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

வண்டியின் அளவும் பேசுகிறது

மென்பொருள் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வழக்கமான கிரேட் 60-க்கு 40 செ.மீ. இதை 40 செ.மீ. பக்கம் வண்டியின் நீளவாக்கில் வரும்படி வைத்தால் வண்டியின் அகலம் 60. இரண்டு தட்டில் எட்டு கிரேட் என்றால் நீளம் 160 செ.மீ. அதன் மூலைவிட்டம் 171 செ.மீ. நம் குறுக்குப் பாதையோ 150 செ.மீ. நின்ற இடத்தில் திருப்ப முடியாது. முன்னும் பின்னும் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். சந்து மாறும் ஒவ்வொரு முறையும் இதே கதை. ஆறு கிரேட் வண்டி 120 செ.மீ. நீளம், மூலைவிட்டம் 134. அப்படியே சுற்றித் திரும்பும்.

மூன்றாவது தட்டு போட்டுக் கிரேட்டைக் கூட்டலாமே என்றால், மேல் தட்டின் கிரேட் மார்புக்கு மேல் வந்துவிடும். எதிரே யார் வருகிறார் என்று தெரியாது. கனமான செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை அந்த உயரத்துக்குத் தூக்குவதும் சரியல்ல.

1.3 மீட்டர் சந்தில் 60 செ.மீ. வண்டிகள் இரண்டு எதிரெதிரே கடந்தால் மிச்சம் 10 செ.மீ. நடைமுறையில் கடக்க முடியாது. ஆகவே எல்லாச் சந்தும் ஒருவழி. தரையில் அம்புக்குறி பெயின்ட் அடித்து, எடுப்புப் பட்டியலையும் (பிக்லிஸ்ட்) அதே வரிசையில் அச்சிட வேண்டும்: ஒற்றைப்படைச் சந்தில் இட எண் ஏறுமுகம், இரட்டைப்படைச் சந்தில் இறங்குமுகம். பில்லிங் மென்பொருள் பார்ட் நம்பர் வரிசையில் அச்சிட்டுக் கொடுத்தால், மேலே போட்ட நடைக் கணக்கு எதுவும் செல்லாது. பல குடோன்களில் இந்த ஒரு வரிசை மாற்றம்தான் முதலில் செய்ய வேண்டியது. செலவும் இல்லை.

பாதை பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட செவ்வகக் கிடங்கில் மிகக் குறைந்த நடையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வழியை ஆய்வாளர்கள் ராட்லிஃபும் ரோசந்தாலும் 1983-லேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் கிடங்குகளில் வளைநடையே ஆட்சி செய்கிறது. துல்லியப் பாதை ஒரு சந்தில் பாதி போய்த் திரும்பு, அடுத்ததை விடு, மூன்றாவதில் பின்னாலிருந்து வா என்று சொல்லும். எடுப்பவருக்கு அது பிடிபடாது. பிடிபடாததை அவர் பின்பற்றவும் மாட்டார். சந்துக்கு ஒன்றிரண்டு லைன் மட்டுமே வரும் ஒற்றை ஆர்டரில் பாதி போய்த் திரும்புவதில் லாபம் உண்டு. கொத்து வண்டியில் வளைநடையே போதும்.

மொத்தமாக எடுத்துப் பின்னால் பிரிப்பது

நாற்பது ஆர்டரைச் சேர்த்து, எந்தப் பார்ட் மொத்தம் எத்தனை என்று ஒரே பட்டியலாக்கி, அள்ளிக்கொண்டு வந்து, பிரிப்பு அலமாரியின் நாற்பது அறைகளில் ஆர்டர்வாரியாகப் போடுவது. ஆடை, புத்தகம் விற்கும் இணையக் கடைகளின் பெரிய கிடங்குகளில் இது நன்றாக ஓடுகிறது. நடை ஆர்டருக்கு 9 நொடியாக விழுந்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை தொடுகிறோம். பிரிக்கும்போது ஸ்கேன் செய்து, அறையைப் பார்த்து, போட லைனுக்கு 12 நொடி என்று வைத்தால் ஆர்டருக்கு 60 நொடி. இதை மீட்டெடுக்க வேண்டுமானால் ஒரே பார்ட் பல ஆர்டர்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும். நாற்பது ஆர்டரின் 200 லைனில், ஒரே இடத்தில் ஒரே கையில் சேர்த்து எடுப்பதால் 40 சதவீத எடுப்புகள் குறைந்தால், எட்டு ஆர்டர் வண்டியைவிட ஆர்டருக்கு 34 நொடி லாபம். 10 சதவீதம் மட்டுமே குறைந்தால் லாபம் 4 நொடி, அதாவது ஒன்றுமில்லை. இருசக்கர உதிரிபாகத்தில் ஆயில் ஃபில்டர், பிரேக் ஷூ, ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள் போன்ற சில பார்ட்கள் திரும்ப வரும். மாடலுக்கு மாடல் மாறும் ஆயிரக்கணக்கானவை வராது. நாற்பது ஆர்டரும் முடியும்வரை ஒன்றும் வெளியேறாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கிடங்குக்கு இது வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் பெரிய விதிவிலக்கு: ஒற்றை லைன் ஆர்டர்கள்.

சராசரி ஏமாற்றும் இடம்

சராசரி 5 லைன் என்று சொன்னோம். 240 ஆர்டரும் ஐந்தைந்து லைனாக வருவதில்லை. அதில் 90 ஆர்டர் ஒற்றை லைனாக இருந்தால், மீதி 150 ஆர்டருக்குச் சராசரி 7.4 ஆகிவிடும். அவற்றிலும் சில 30 லைன் ஆர்டராக இருக்கும். இந்த மூன்று வகையையும் ஒரே வண்டியில் கலந்து ஏற்றுவது மிகப் பரவலான பிழை.

ஒற்றை லைன் ஆர்டரில் பொருள்தான் ஆர்டர். இருபது ஒற்றை லைன்களை ஒரே கிரேட்டில் கொட்டிக் கொண்டுவரலாம். பேக்கிங் மேசையில் பொருளை ஸ்கேன் செய்தால் எந்த ஆர்டர் என்று பில் அச்சாகும். பிரிப்பு வேலையே கிடையாது. ஒரே பார்ட் ஐந்து ஆர்டருக்கு வேண்டுமென்றால் ஐந்தையும் ஒரே கையில் எடுக்கலாம், எது யாருக்குப் போனாலும் ஒன்றுதான்.

மறுகோடியில் 30 லைன் ஆர்டர். அது தனியாகவே ஒன்பதரைச் சந்துகளைத் தொட்டுவிடுகிறது. அதோடு வேறு ஆர்டரைச் சேர்ப்பதால் நடையில் கிடைப்பது கொஞ்சம், அதன் சரக்கு இரண்டு மூன்று கிரேட்டை அடைத்துக்கொள்ளும், கூட வந்த சின்ன ஆர்டர்கள் அது முடியும்வரை காத்திருக்கும். 25 லைனுக்கு மேல் போனால் தனியே எடுப்பதே நல்லது. இடைப்பட்ட 2 முதல் 25 லைன் ஆர்டர்களுக்குத்தான் கொத்து வண்டி.

எதை எதோடு சேர்ப்பது? முதலில் ஒரே லாரி. மதுரை பார்சல் லாரிக்குப் போவதையும் உள்ளூர் வேனுக்குப் போவதையும் ஒரே வண்டியில் சேர்த்தால், முதலில் கிளம்பும் வாகனத்துக்காக மொத்த வண்டியும் ஓட வேண்டியிருக்கும். அதன் பிறகு சந்து: அதிகச் சந்து தொடும் ஆர்டரை முதலில் வைத்து, புதுச் சந்து சேர்க்காத ஆர்டர்களை அதோடு இணைத்துக்கொண்டே போவது. இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், எக்செல் போதும்.

பகுதி பிரித்து ஆளுக்கொரு பகுதி

மூன்று பேருக்கு மூன்று பகுதி, கிரேட் ரோலரில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். ஆள் தன் பகுதியை மனப்பாடமாக அறிந்திருப்பார். தேடும் நேரம் குறையும். இவை உண்மையான லாபங்கள்.

நம் எண்களில் இது எடுபடவில்லை. 5 லைன் ஆர்டர் மூன்று பகுதிகளில் சராசரி 2.6 பகுதியைத் தொடும். அதாவது கிட்டத்தட்ட எல்லாக் கிரேட்டும் எல்லாரிடமும் போக வேண்டும். இரண்டு கைமாற்றம், இரண்டு வரிசை. நடுப்பகுதி ஆள் தாமதித்தால் முன்னவரிடம் கிரேட் குவியும், பின்னவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ரேக் எண்ணிக்கையைச் சமமாகப் பிரிப்பதால் இது தீராது. லைன் எண்ணிக்கையைச் சமமாகப் பிரிக்க வேண்டும், அதுவும் சீசனுக்குச் சீசன் மாறும்.

கைமாற்ற முறையைத்தான் வேண்டும் என்றால், எல்லையை நிலையாக வைக்காமல் விடலாம். ஆய்வாளர்கள் பார்த்தோல்டியும் ஐசன்ஸ்டைனும் 1996-இல் காட்டிய வழி இது: மெதுவானவர் முதலில், வேகமானவர் கடைசியில் என்று நிறுத்தி, கடைசி ஆள் ஒரு கிரேட்டை முடித்ததும் பின்னோக்கி நடந்து முன்னவர் கையிலிருப்பதை வாங்கிக்கொள்வார், அவர் தனக்கு முன்னவரிடம் போவார். வேலை தானே சமமாகிக்கொள்ளும். நீண்ட ஒற்றை வரிசை ரேக் உள்ள இடத்துக்கு அருமையானது. பத்துக் குறுகிய சந்துகளில் பின்னோக்கி நடப்பதே ஒரு நடையாகிவிடும்.

ஆனால் பொருளின் தன்மைக்காகப் பகுதி பிரிப்பது வேறு விஷயம், அது கட்டாயம். டயர், பேட்டரி, ஆயில் கேன் மூன்றும் கொத்து வண்டியில் ஏறக் கூடாது. டயர் இடத்தை அடைக்கும். அமிலம் ஊற்றிய பேட்டரி சாயவே கூடாது. கசிந்த ஆயில் கேன் ஒன்று அதே கிரேட்டில் உள்ள எல்லா அட்டைப் பெட்டியையும் கெடுக்கும். இவற்றை வாசலுக்கு அருகில் வைத்து, ஆர்டரின் இந்தப் பகுதியை மட்டும் தனிச்சீட்டாகப் பிரித்து, பேக்கிங் ஆளே எடுத்துக்கொள்ளட்டும். சீட்டில் "2-இல் 1", "2-இல் 2" என்று அச்சாக வேண்டும். இல்லையென்றால் டயர் இல்லாமல் பார்சல் கிளம்பிவிடும்.

இடம் மாற்றினால் என்ன ஆகும்

வேகமாக ஓடும் சரக்கை முன்னுக்குக் கொண்டுவா என்பது எல்லாரும் சொல்வது. எவ்வளவு லாபம் என்று யாரும் சொல்வதில்லை. 80 சதவீத லைன் வரும் பார்ட்களைப் பேக்கிங் மேசைக்கு நேரெதிரான மூன்று சந்துகளில் வைத்ததாகக் கொள்வோம். ஒற்றை ஆர்டரின் நடை 130-இலிருந்து சுமார் 105 மீட்டராகும். ஆர்டருக்கு 33 நொடி மிச்சம். நான்கு ஆர்டர் வண்டியில் 20 நொடி. ஆறு ஆர்டர் வண்டியில் 12.

கவனியுங்கள்: கொத்து பெரிதாகப் பெரிதாக இடமாற்றத்தின் லாபம் சுருங்குகிறது. இரண்டும் அதே நடையைத்தான் வெட்டுகின்றன. இடமாற்றம் 20 சதவீதம், கொத்து 30 சதவீதம், ஆக 50 என்று கூட்டிக் காட்டும் ஆலோசகரின் ஸ்லைடை நம்ப வேண்டாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. இடமாற்றத்துக்குப் பிறகு நான்கு ஆர்டர் வண்டி 238-இலிருந்து 218 நொடிக்கு வருகிறது. இடம் மாற்றாத ஆறு ஆர்டர் வண்டி 216. ரேக்கைச் சரியாக அடுக்கிய கிடங்கில் சின்ன வண்டி பெரிய வண்டியின் வேலையைச் செய்கிறது, ஏழு நிமிடம் முன்னதாகவே திரும்பியும் விடுகிறது.

விலையும் உண்டு. 80 சதவீத எடுப்பு மூன்று சந்துகளில் குவிந்தால், மூன்று பேரும் அங்கேயே நெருக்கியடிப்பார்கள். அந்த மூன்றை மட்டும் 1.3-இலிருந்து 1.7 மீட்டராக அகலப்படுத்துங்கள், வண்டிகள் கடக்கும். மொத்தம் 1.2 மீட்டர் தரைதான் போகும், அதை மெதுவாக நகரும் சரக்கின் மேல் தட்டுகளில் மீட்கலாம். ஒவ்வொரு ரேக்கிலும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் வேக சரக்கு, கனமானது அதற்குக் கீழே, மாதத்தில் ஒருமுறை கேட்கப்படுவது தலைக்கு மேலே.

வேகத்தை விற்ற ரூபாயை வைத்து அளக்காதீர்கள். எத்தனை பீஸ் என்றும் அளக்காதீர்கள். எத்தனை முறை அந்த இடத்துக்கு ஆள் போகிறார் என்பதே கணக்கு. ஒரே ஆர்டரில் 500 வாஷர் போவது ஒரு நடை; 50 ஆர்டரில் ஆர்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக் போவது 50 நடை.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக

ஒற்றை ஆர்டருக்குக் காகிதம் போதும். கொத்து வண்டிக்குக் கையடக்க ஸ்கேனர் கட்டாயம். பொருளையும் கிரேட்டையும் இரண்டையும் ஸ்கேன் செய்ய வைக்க வேண்டும், பொருளை மட்டும் செய்தால் கலப்பு தப்பிப் போகும். ரேக்கில் விளக்கு எரியும் முறைக்கு இடத்துக்கு ஒரு விளக்கு என்று செலவு ஏறும். 6,000 இடத்துக்கு நியாயமே இல்லை. அதைவிட வண்டியின் ஆறு கிரேட்டுக்கு ஆறு விளக்கு வைப்பது மலிவு, பிழை நடக்கும் இடமும் அதுதான்.

எங்கே கெடும்

எடுப்பு இடத்தில் சரக்கு தீர்ந்திருப்பது முதல் பகை. ஒற்றை ஆர்டரில் அது ஓர் ஆர்டரை நிறுத்தும். கொத்து வண்டியில் ஒரு லைன் குறைவு மற்ற மூன்று அல்லது ஐந்து ஆர்டரையும் தாமதப்படுத்தும். வேக சரக்குக்கு இரண்டு பெட்டி முறை வையுங்கள். முன் பெட்டி காலியானால் அதன் அட்டை நிரப்பும் ஆளுக்குப் போகும், பின் பெட்டியிலிருந்து எடுப்பு தொடரும். நாளுக்கு 60 போகும் பார்ட், நிரப்ப அரை நாள் ஆகும் என்றால் பின் பெட்டியில் குறைந்தது 30, ஏற்ற இறக்கத்துக்கு இன்னும் 15.

அடுத்தது எம்ஆர்பி. அதே பார்ட் நம்பர், பழைய விலை அட்டை, புது விலை அட்டை, ஒரே பெட்டியில். எடுப்பவர் பில்லில் உள்ள விலையைப் பார்க்காமல் மேலே கிடந்ததை எடுப்பார், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். விலை மாறிய சரக்கு வந்தால் புது இட எண் கொடுங்கள். பழையது தீரும்வரை மென்பொருள் பழைய இடத்தையே காட்டட்டும்.

அளவு அலகும் தொல்லை. "1" என்றால் ஒரு பீஸா, பத்து பீஸ் பெட்டியா? பெட்டியாக விற்பதையும் பீஸாக விற்பதையும் தனி இடங்களில் வைப்பதைத் தவிர நிரந்தரத் தீர்வு இல்லை.

இடது லீவர், வலது லீவர். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல் பிரேக் ஷூ. பார்ட் நம்பர் ஒட்டி வருகிறது என்பதற்காக அடுத்தடுத்த பெட்டியில் வைப்பது வழக்கம். பிரித்து வையுங்கள், இடையில் குறைந்தது ஒரு ரேக். ஒழுங்காக அடுக்கியதுபோல் தோன்றாது, ஆனால் கை தவறாது.

அலை முறையா, தொடர் ஓட்டமா

ஆர்டர்களைக் காலை 11, மதியம் 2, மாலை 4 என்று அலைகளாக விடுவதா, வந்த வரிசையில் விட்டுக்கொண்டே இருப்பதா? இது எடுப்பு முறை அல்ல, எடுப்புக்குள் வேலையை விடும் முறை. எந்த வண்டியோடும் சேரும். நாளுக்கு ஓரிரு லாரி மட்டும் கிளம்பும் கிடங்கில் அலை சரி. பஸ் பார்சல், கூரியர், உள்ளூர் வேன், கவுன்டருக்கு வந்து நிற்பவர் என்று வாசல் நாள் முழுக்கத் திறந்திருந்தால் தொடர் ஓட்டமே நல்லது. அலை முடியும் நேரத்தில் எடுப்பவர்கள் ஓய்ந்திருப்பார்கள், பேக்கிங் மேசை மூழ்கியிருக்கும். இந்தக் குலுக்கலைத்தான் லீன் ஒழிக்கச் சொல்கிறது. கவுன்டர் ஆர்டருக்கு எப்போதும் ஒற்றை ஆர்டர் எடுப்பு. அதைக் கொத்தில் சேர்க்கவே கூடாது.

ஆக, இந்தக் கிடங்குக்கு எது

ஆறு கிரேட் வண்டி மூன்று செய்யுங்கள். ஆனால் சாதாரண நாளில் நான்கை மட்டும் நிரப்பி ஓட்டுங்கள். மூன்று பேர். ஒற்றை லைன் ஆர்டர் தனிக் கிரேட்டில், 25 லைனுக்கு மேற்பட்டது தனி வண்டியில், கவுன்டர் உடனுக்குடன், டயரும் பேட்டரியும் ஆயிலும் வாசல் பகுதியில். திங்கட்கிழமை 320 ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் டாக்ட் 79 நொடியாகும்; நான்கு ஆர்டர் வண்டிக்கு மூன்று ஆளும் முழுக்க நிரம்பிவிடுவார்கள். அன்று ஆறையும் நிரப்பினால் 2.7 ஆள், மூச்சு விடலாம். வேக சரக்கின் இடமாற்றம் முடிந்துவிட்டால் திங்கட்கிழமையும் நான்கே போதும், 2.8 ஆள்.

கணக்கு உங்கள் கிடங்கில் வேறாக வரும். சந்து 60 மீட்டராக இருந்தால் கொத்தின் லாபம் பெருகும், பகுதி பிரிப்பும் அர்த்தம் பெறும். லைன் 2 மட்டுமே சராசரி என்றால் எட்டு ஆர்டர் சேர்ந்தும் 16 லைன்தான், எல்லாச் சந்தும் தொடப்படாது, ஆக எட்டோ பத்தோ நியாயமே. நான்கு வாரப் பில் தரவை எடுத்து ஆர்டர் எண், பார்ட் நம்பர், இட எண் மூன்று பத்தியாக வைத்து, ஓர் ஆர்டருக்கு எத்தனை வெவ்வேறு சந்து என்று எண்ணிப் பாருங்கள். அதையே நான்கு நான்காகச் சேர்த்து, ஆறு ஆறாகச் சேர்த்து எண்ணுங்கள். சந்து எண்ணிக்கை எந்த இடத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறதோ, அதற்கு மேல் கொத்தைப் பெரிதாக்குவதில் பெரிய லாபம் இல்லை.

பிறகு ஒரே ஒரு வண்டியை வைத்து, செவ்வாய் முதல் வியாழன் வரை ஓட்டிப் பாருங்கள். திங்களும் சனியும் சோதனைக்கு ஆகாத நாட்கள். சுற்று நேரம், ஆயிரம் லைனுக்கு எத்தனை தவறு, அதில் கிரேட் மாறிப்போனது எத்தனை, பொருளே மாறியது எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். பொருள் மாறினால் ரேக்கைத் திருத்துங்கள். கிரேட் மாறினால் முதலில் கிரேட் ஸ்கேன் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தும் மாறுகிறது என்றால் சுற்றில் ஓர் ஆர்டரைக் குறையுங்கள்.